இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்): சோதனையில் தளராத வாழ்வு



நான்கு மத்ஹபுகளின் இமாம்களுள் காலத்தால் இறுதியானவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள். தமிழகத்து முஸ்லிம்களாகிய நம்மிடையே ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளே வழக்கில் உள்ளமையால், அன்னாரின் பெயரைப் பயான்களில் கேட்டிருப்போமேயன்றி, வாழ்க்கையை விரிவாக அறிந்தோர் நம்முள் குறைவு. கேட்டவர்களும் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியைத்தான் கேட்டிருப்பார்கள். கலீஃபாவின் முன்னிலையில் அவர் சவுக்கடி பட்டார், கொள்கையை விடவில்லை என்பதே அது. அது உண்மைதான். ஆயினும் அந்த ஒரு நாளுக்கு முன்னும் பின்னும் அன்னார் கடந்துவந்த ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்பது நமக்கு விளங்கும்.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 164-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 780-இல், பக்தாதில் பிறந்தார்கள். ஷைபான் கோத்திரத்தைச் சேர்ந்த குடும்பம். பாட்டனார் ஹன்பல், ஸரக்ஸ் பகுதியின் ஆளுநராக இருந்தவர். பேரனோ தந்தையைக் கண்ட நினைவே இல்லாமல் வளர்ந்தவர். தந்தையார் முஹம்மத் ஏறத்தாழ முப்பது வயதிலேயே காலமாகிவிட, இளம் விதவையான தாயார் ஸஃபிய்யா அம்மையார் தனியே நின்று மகனை வளர்த்தார்கள். குடும்பச் சொத்தாக எஞ்சியிருந்த சிறு கட்டடத்தின் வாடகையே வருமானம். விடியுமுன்பே ஹதீஸ் வகுப்புக்கு ஓட மகன் துடிக்கும்போது, சுப்ஹு பாங்கு சொல்லும்வரை பொறுக்கும்படி அவருடைய உடுப்பைத் தாயார் பிடித்து வைத்துக்கொள்வாராம். பிற்காலத்தில் இமாம் அவர்களே இதனை நினைவுகூர்ந்துள்ளார்கள். நான்கு இமாம்களுள் ஷாஃபிஈ இமாமும் இவ்வாறே தந்தையின்றித் தாயால் வளர்க்கப்பட்டவர் என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம். நம் மஹல்லாவில் பிள்ளைகளைத் தனியே வளர்த்துவரும் தாய்மார்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

பதினைந்தாம் வயதில் ஹதீஸ் கல்வியைத் தொடங்கிய அன்னார் கூஃபா, பஸ்ரா, மக்கா, மதீனா, யமன் என்று அலைந்தார்கள். ஐந்து முறை ஹஜ் செய்தார்கள். அவற்றுள் மூன்று கால்நடையாகவே. மக்காவில் தங்கியிருந்தபோது அன்னாரின் துணிகள் திருடுபோயின. உடுத்திச் செல்லத் தகுந்த ஆடை இல்லாமையால் சில நாள்கள் அறையை விட்டு வெளிவரவில்லை. தேடிவந்த நண்பர் பணம் கொடுத்தபோது அதனைப் பெற மறுத்தார்கள், கடனாகவும் பெறவில்லை. ஆனால் அந்நண்பருக்காக ஏடு எழுதிக் கொடுத்து, அதற்கான கூலியாக ஒரு தீனார் பெற்றுத் துணி வாங்கிக்கொண்டார்கள்.

யமன் பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஸன்ஆ நகரில் வாழ்ந்த அப்துர் ரஸ்ஸாக் என்னும் பேரறிஞரிடம் ஹதீஸ் கேட்பதற்காக இமாம் அவர்களும் நண்பர் யஹ்யா இப்னு மஈனும் முடிவு செய்திருந்தனர். வழியில் ஹஜ்ஜை நிறைவேற்ற மக்காவுக்கு வந்தபோது அந்த அப்துர் ரஸ்ஸாக் அவர்களையே தவாஃபில் கண்டனர். யஹ்யாவுக்குப் பெருமகிழ்ச்சி. ஒரு மாதப் பயணமும் செலவும் மிச்சம். இங்கேயே கேட்டுக்கொள்ளலாம் என்றார். இமாம் அவர்கள் இசையவில்லை. ஸன்ஆ சென்று கேட்பதாக நிய்யத் வைத்துவிட்டேன், அதனை மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே சென்றார்கள், வழியில் கைப்பொருள் தீர்ந்து, ஒட்டகக்காரர்களிடம் சுமைகூலியாக வேலை செய்துகொண்டே போய்ச் சேர்ந்தார்கள். அப்துர் ரஸ்ஸாக் அவர்கள் அன்புடன் கொடுத்த தீனார்களையும் ஏற்கவில்லை. யமனிலிருந்து புறப்படும்போது ரொட்டிக் கடைக்காரரிடம் பட்ட கடனுக்குக் காலணியை ஈடு வைத்துவிட்டு வந்ததாகவும் அறிவிப்பு உண்டு.

இதனைப் படிக்கும் நம்மில் சிலருக்கு, இது வீண் பிடிவாதமன்றோ என்று தோன்றக்கூடும். எமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆனால் அந்த இரு நண்பர்களும் சில பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரே சோதனையை எதிர்கொண்டபோது என்ன நேர்ந்தது என்பதை அறிந்தபின் அந்த எண்ணம் மாறியது.

ஹிஜ்ரி 218, கி.பி. 833. அப்பாஸியக் கலீஃபா மஃமூன், முஃதஸிலாக்களின் கொள்கையை ஏற்று, குர்ஆன் படைக்கப்பட்ட ஒன்று என்று அறிஞர்கள் அனைவரும் ஒப்புக்கொள்ளவேண்டும் எனக் கட்டளையிட்டார். குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு. அவனுடைய பேச்சைப் படைப்பினம் என்று சொல்வதற்கு அல்லாஹ்வின் வேதத்திலோ நபி (ஸல்) அவர்களின் வழிமுறையிலோ ஆதாரம் இல்லை என்பதே ஹதீஸ் அறிஞர்களின் நிலை. மார்க்க நம்பிக்கை ஒன்றை அரசாணையால் திணிக்கும் இந்த விசாரணை 'மிஹ்னா' என்று வரலாற்றில் பெயர் பெற்றது. ஒப்பாத காழிகள் பதவி இழப்பர். அவர்தம் சாட்சியமும் செல்லாது.

முதலில் ஏழு அறிஞர்கள் கலீஃபா தங்கியிருந்த ரக்கா நகருக்கு வரவழைக்கப்பட்டனர். எழுவரும் பணிந்தனர். அவர்களுள் ஒருவர் யஹ்யா இப்னு மஈன். அந்த எழுவர் மட்டும் உறுதியாக நின்றிருந்தால் இந்தச் சோதனை அப்போதே முடிந்திருக்கும் என்று இமாம் அவர்கள் பிற்காலத்தில் வருந்தினார்கள். அடுத்து பக்தாத் ஆளுநர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீம் நகரின் அறிஞர்களைத் திரட்டி ஒவ்வொருவராக விசாரித்தார். தொடக்கத்தில் பலரும் மழுப்பினர். கலீஃபாவின் மிரட்டல் கடிதம் வந்ததும் நால்வர் தவிர ஏனையோர் இசைந்துவிட்டனர். நால்வருக்கும் விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் ஒருவரும் அதற்கடுத்த நாள் இன்னொருவரும் விலகினர். எஞ்சியவர்கள் இமாம் அவர்களும் முஹம்மத் இப்னு நூஹ் என்னும் இளைஞரும் மட்டுமே.

இருவரையும் ஒரே ஒட்டகத்தில் ஏற்றி, எல்லைப்புற நகரான தர்ஸூஸை நோக்கிக் கொண்டுசென்றனர். வழியில் நாட்டுப்புற அரபி ஒருவர் இமாமைத் தேடிவந்து, மக்களின் தூதராகத் தாங்கள் செல்கிறீர்கள், அவர்களுக்குக் கேடாக ஆகிவிடவேண்டாம் என்று சொல்லிப் போனார். கலீஃபாவைச் சந்திக்கும் முன்பே அவர் இறந்துவிட்ட செய்தி வந்தது. கைதிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். திரும்பும் வழியில் ஆனா என்னும் ஊரில் முஹம்மத் இப்னு நூஹ் நோயுற்று வஃபாத் ஆனார். தாம் போய்விட்டாலும் பாதகமில்லை, மக்கள் எல்லாரும் தங்களையே நோக்கியிருக்கிறார்கள், உறுதியாக இருங்கள் என்பதே அந்த இளைஞர் இமாமிடம் சொல்லிச் சென்றது. விலங்கு கழற்றப்பட்ட அவ்வுடலுக்கு இமாம் அவர்களே ஜனாஸா தொழுகை நடத்தினார்கள். பின்னர் தனி ஒருவராகப் பக்தாத் சிறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

சிறைவாசம் ஏறத்தாழ 28 மாதங்கள் நீடித்தது. கால் விலங்குடனேயே கைதிகளுக்கு இமாமாக நின்று தொழுவித்தார்கள். உறவினர் வந்து பார்க்கும்போது ஹதீஸ் ஏடுகளைப் படிக்கச் செய்து கேட்டார்கள். சிற்றப்பா இஸ்ஹாக், மற்றவர்களைப் போல் வாயளவில் ஒன்றைச் சொல்லி வெளியேறிவிடலாமே என்று மன்றாடினார். அறிஞன் அஞ்சி மழுப்பினால் அறியாதவன் உண்மையை எங்ஙனம் தெரிந்துகொள்வான் என்பதே இமாமின் மறுமொழியாக இருந்தது.

இங்கேதான் நாம் நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்று உள்ளது. இமாம் அவர்கள் அச்சமே அறியாதவராக இருந்தார்கள் என்று மேடைகளில் முழங்குகிறோம். அறிவிப்புகள் அவ்வாறு சொல்லவில்லை. சிறையைப் பற்றித் தமக்குக் கவலையில்லை, தம் வீடும் இதுவும் ஒன்றுதான். வாளால் கொல்லப்படுவதற்கும் அஞ்சவில்லை. ஆனால் சவுக்கடியைத் தாங்க முடியாமல் போய்விடுமோ என்றுதான் அஞ்சுகிறேன் என்று அன்னார் வெளிப்படையாகவே சொன்னார்கள். அதனைக் கேட்ட சக கைதி ஒருவர், முதல் இரண்டு அடிகள்தாம் தெரியும், அதன்பின் எங்கு விழுகிறது என்பதே தெரியாது, கவலைப்படாதீர்கள் என்றாராம். அது கேட்டு இமாமின் மனம் இலேசாயிற்று. அபுல் ஹைஸம் என்ற பேர்பெற்ற திருடன் ஒருவனும் அன்னாரின் ஆடையைப் பிடித்திழுத்து, தான் ஷைத்தானுக்காக, உலக ஆதாயத்துக்காக எத்தனையோ கசையடிகளைத் தாங்கியிருப்பதாகவும், மார்க்கத்துக்காக இமாம் தாங்கமாட்டாரா என்றும் கேட்டான். அந்தத் திருடனுக்காக இமாம் அவர்கள் ஆயுள் முழுவதும் துஆ செய்துவந்தார்கள் என்று மகனார் அப்துல்லாஹ் அறிவிக்கிறார்.

நாட்டுப்புற அரபி, மரணப் படுக்கையில் ஓர் இளைஞர், பெயர் தெரியாத கைதி, ஒரு திருடன். ஹதீஸ் கலையில் மலையென நின்ற ஒருவருக்குத் தோள் கொடுத்தவர்கள் இவர்கள்தாம். அரசவையின் பேரறிஞர்களிடமிருந்து கிடைக்காத துணை இவர்களிடமிருந்து கிடைத்தது.

மஃமூனை அடுத்து வந்த கலீஃபா முஃதஸிம், அண்ணனின் இறுதி விருப்பம் என்பதால் விசாரணையைத் தொடர்ந்தார். ரமழான் மாதத்தில் இமாமை அரண்மனைக்குக் கொண்டுசென்றனர். கனத்த விலங்குகளுடன், தாங்கிப் பிடிக்க ஆளின்றி, வாகனத்திலிருந்து குப்புற விழும் நிலையில் போனார்கள். இருளடைந்த அறையில் அடைக்கப்பட்டபோது கையால் துழாவி, தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றைக் கண்டு, உளூ செய்து தொழுதார்கள். மறுநாள் நடக்க இயலாமையால் தம் கால்சட்டையின் நாடாவை உருவி, அதனால் விலங்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு சபைக்குச் சென்றார்கள்.

மூன்று நாள்கள் வாதம் நடந்தது. தலைமைக் காழி அஹ்மத் இப்னு அபீ துஆத் தலைமையில் பலர் மாறி மாறிக் கேள்வி தொடுத்தனர். அல்லாஹ்வின் வேதத்திலிருந்தோ ரஸூலின் சுன்னத்திலிருந்தோ ஆதாரம் தாருங்கள், ஏற்றுக்கொள்கிறேன் என்ற ஒன்றையே இமாம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முஃதஸிம் கொடியவர் அல்லர். இமாம்மீது இரக்கமும் அவருக்கு இருந்தது. ஒரு சொல் இசைந்து சொன்னால் தம் கையாலேயே விலங்கை அவிழ்த்துவிடுவதாக வாக்களித்தார். இரு கலீஃபாக்களை இவர் வென்றுவிட்டார் என்று மக்கள் பேசுவர் எனச் சுற்றியிருந்தோர் தூண்டிவிட்டனர். இறுதியில் சவுக்கு வந்தது.

நோன்பாளியாக இருந்த இமாமை இரு மரங்களுக்கிடையே கட்டினர். மரத்தைக் கைகளால் பற்றிக்கொள்ளும்படி யாரோ சொன்னது அன்னாருக்கு விளங்கவில்லை. அதனால் மணிக்கட்டுகள் பிசகின. சேவகர்கள் ஒவ்வொருவராக முன்வந்து இரண்டிரண்டு அடிகள் அடித்து விலகினர். ஒவ்வோர் இடைவெளியிலும் கலீஃபா எழுந்துவந்து இணங்கும்படி கேட்டார். அடிகளின் எண்ணிக்கையில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. இமாம் பலமுறை நினைவிழந்தார்கள். நினைவு திரும்பியபோது விலங்குகள் கழற்றப்பட்டிருந்தன. குடிக்க மாவுக்கரைசல் கொடுத்தனர். நோன்பை முறிக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார்கள். லுஹர் நேரம் வந்தது. ஆடையில் இரத்தம் வடிய வடியத் தொழுதார்கள். இரத்தத்துடன் தொழுதீரே என்று ஒருவர் கேட்டதற்கு, குத்துண்ட காயத்திலிருந்து இரத்தம் பீறிட உமர் (ரலி) அவர்கள் தொழுததைச் சுட்டிக்காட்டினார்கள். இந்நிகழ்ச்சியைச் சுற்றிப் பல அற்புதக் கதைகளும் வழங்குகின்றன. அவை இல்லாமலேயே இந்த வரலாறு போதுமானதாக இருக்கிறது.

அன்றே விடுதலை செய்தனர். மருத்துவர் வந்து செத்த சதையை வெட்டி அகற்றினார். காயங்கள் ஆறின, கைகளின் வலி மட்டும் குளிர்காலம்தோறும் வந்து இறுதிவரை அன்னாரை விட்டு நீங்கவில்லை. தம்மை அடிக்கச் செய்த முஃதஸிமையும் அடித்தவர்களையும் இமாம் மன்னித்துவிட்டார்கள். தமக்காக ஒரு முஸ்லிம் மறுமையில் வேதனை செய்யப்படுவதால் தமக்கு என்ன பயன் என்பது அன்னாரின் எண்ணம். ஆனால் அந்தக் கொள்கையைப் பரப்ப முனைந்தவர்களுக்கு இம்மன்னிப்பில் இடமளிக்கவில்லை. தமக்கு இழைக்கப்பட்ட தீங்கு வேறு, மார்க்கத்துக்கு இழைக்கப்பட்ட தீங்கு வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள்.

நண்பர் யஹ்யா பிற்பாடு நலம் விசாரிக்க வந்தபோது இமாம் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சித்திரவதைக்குள்ளான அம்மார் (ரலி) அவர்களுக்கு நாவளவில் இணங்கச் சலுகை கிடைத்ததை யஹ்யா எடுத்துக்காட்டினார். அவர்கள் அடிக்கப்பட்டார்கள், உங்களுக்கோ அடிப்போம் என்று மட்டுமே சொல்லப்பட்டது என்று இமாம் கருதினார்கள். இது கடுமையாகவே நமக்குப் படுகிறது. யஹ்யா இப்னு மஈனும் ஹதீஸ் கலைக்கு ஆற்றிய தொண்டால் உம்மத்தின் நன்றிக்கு உரியவர். எனினும் அன்று மக்காவில் சுருக்கு வழியைக் கண்டு மகிழ்ந்தவரும், வைத்த நிய்யத்துக்காக ஸன்ஆவுக்குச் சுமை தூக்கிச் சென்றவரும் வெவ்வேறு மனிதர்களாகவே இறுதிவரை இருந்தனர்.

முஃதஸிம் கி.பி. 842-இல் இறந்தார். அடுத்த கலீஃபா வாஸிக் காலத்தில் கொடுமை மேலும் கூடியது. கி.பி. 846-இல் அஹ்மத் இப்னு நஸ்ர் என்னும் அறிஞர் கொல்லப்பட்டார். இமாமுக்கு மக்களைச் சந்திக்கத் தடை விதிக்கப்பட்டது. வாஸிக் இறக்கும்வரை வெவ்வேறு இடங்களிலும், பின் தம் வீட்டிலுமாக, ஜமாஅத் தொழுகைக்கும் வெளிவராமல் அடைந்து கிடந்தார்கள். பக்தாத் அறிஞர் சிலர் வந்து, ஆட்சிக்கு எதிராகக் கிளம்பலாமா என்று கேட்டனர். முஸ்லிம்களின் இரத்தம் சிந்தப்படக் காரணமாகாதீர்கள், பொறுத்திருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். முதுகில் தழும்பு சுமந்தவர் சொன்னதால் அச்சொல்லைக் கோழைத்தனம் என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

கி.பி. 847-இல் முதவக்கில் கலீஃபாவானார். சில ஆண்டுகளில் மிஹ்னா முடிவுக்கு வந்தது. இமாமின் துன்பம் முடிந்ததா என்றால், இல்லை என்றே சொல்லவேண்டும். முதலில், அரசுக்கு எதிரான ஒருவரை மறைத்து வைத்திருப்பதாக யாரோ கோள் சொல்ல, இரவில் வந்து வீட்டின் கிணறுவரை விளக்குப் பிடித்துச் சோதித்தனர். பொய் என்று தெரிந்ததும் கலீஃபா பரிகாரமாக 10,000 திர்ஹம் அனுப்பினார். அன்றிரவு இமாமுக்குத் தூக்கம் வரவில்லை. விடியுமுன் மகனை எழுப்பி, முஹாஜிர், அன்ஸார் வழித்தோன்றல்களுக்கும் ஏழைகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கச் செய்து, பணம் வந்த பையையும் தானமாகக் கொடுத்துவிட்டார்கள்.

பின்னர் ஸாமர்ரா அரண்மனைக்கு விருந்தினராக அழைக்கப்பட்டார்கள். விலையுயர்ந்த உணவுத் தட்டு நாள்தோறும் வந்தது, அன்னார் தொடவில்லை. தொடர்ந்து நோன்பிருந்து உடல் நலிந்தது. இளவரசருக்கு ஹதீஸ் கற்பிக்கவேண்டும் என்ற விருப்பம் தெரிவிக்கப்பட்டபோது, இனி உயிருள்ளவரை எந்த ஹதீஸையும் முழுமையாக அறிவிப்பதில்லை என்று அல்லாஹ்விடம் உறுதி செய்துகொண்டார்கள். எந்தக் கல்விக்காகச் சுமை தூக்கினார்களோ, அதைச் சொல்லும் இன்பத்தையே விட்டுக் கொடுத்தார்கள். முன்னைய சோதனை தம் மார்க்கத்தைப் பற்றியது, இதுவோ உலகத்தைப் பற்றியது, இது அதைவிடக் கடினம் என்று அன்னார் கருதியதாக அறிவிப்பு உண்டு. இன்று நம் குடும்பங்களில் வறுமையில் உறுதியாக நின்றவர்கள் வசதி வந்தபின் தடுமாறுவதைக் காணும்போது இதன் பொருள் விளங்குகிறது.

மகன்களும் சிற்றப்பாவும் அரசு மானியத்தைப் பெற்றுக்கொண்டது இமாமுக்குப் பெரும் மனவருத்தம். ஒருமுறை பல நாள் உணவின்றி இருந்தபின் மாவு கடன் வாங்கினார்கள். ரொட்டி விரைவாக வந்துவிட்டதைக் கண்டு காரணம் கேட்டார்கள். மகன் ஸாலிஹ் வீட்டு அடுப்பு சூடாக இருந்ததால் அங்கேயே சுட்டோம் என்றனர். அந்த ரொட்டியை உண்ணவில்லை. இரு வீடுகளுக்கும் இடையிலிருந்த வாயிலையும் அடைக்கச் செய்தார்கள். ஆனாலும் மகன்களை வெறுத்துவிடவில்லை. இறுதிக் காலத்தில் அருகிலிருந்து பணிவிடை செய்தவர்கள் அவர்களே.

ஹிஜ்ரி 241 ரபீஉல் அவ்வல் மாதத்தில், கி.பி. 855-இல், இமாம் நோயுற்றார்கள். எப்போதோ செய்த ஒரு சத்தியத்துக்குப் பரிகாரம் பாக்கியிருப்பது நினைவுக்கு வர, தம் சொந்தப் பணத்தில் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுக்கும்படி ஸாலிஹிடம் சொன்னார்கள். கொடுத்தபின் மூன்று திர்ஹம் மிஞ்சியது. அதனைக் கேட்டு அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். பேச இயலாத நிலையிலும் தமக்கு உளூ செய்துவிடச் செய்து, விரல் இடுக்குகளைக் கோதிவிடும்படி சைகை காட்டினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அன்னாரின் உயிர் பிரிந்தது.

பக்தாத் நகரமே ஜனாஸாவில் திரண்டது. பாப் ஹர்ப் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் தஜ்லா நதியின் வெள்ளம் அவ்விடத்தை அரித்துச் சென்றுவிட்டது. இமாம் திரட்டியிருந்த ஹதீஸ்களை மகனார் அப்துல்லாஹ் ஒழுங்குசெய்து மாணவர்களுக்கு அறிவித்தார். மீண்டும் வருபவற்றையும் சேர்த்து 27,000-க்கு மேற்பட்ட ஹதீஸ்கள் கொண்ட அந்த முஸ்னத், பல பாகங்களாக அச்சிடப்பட்டு இன்று அரபுக் கல்லூரி நூலகங்களில் இருக்கிறது.